விசா மறுக்கப்பட்ட பிறகு மீண்டும் விண்ணப்பிப்பது: கோப்பில் எங்கே பிழை, எப்படிச் சரிசெய்வது?

நீலவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரே விசாவில் சென்று வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுள் ஒன்றில் வசிக்கும் என் அக்காவைப் பார்க்க முதன்முறையாக விசாவுக்கு விண்ணப்பித்தேன். பதினேழாம் நாள் பாஸ்போர்ட் மறுப்புக் கடிதத்தோடு திரும்பி வந்தது. அச்சிட்ட படிவத்தில் இரண்டு கட்டங்களில் குறியிட்டிருந்தார்கள். பயண நோக்கத்தையும் தங்கும் ஏற்பாட்டையும் பற்றி நான் அளித்த தகவல்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்பது ஒன்று. விசாக் காலம் முடிவதற்குள் நான் நாடு திரும்புவேன் என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது என்பது மற்றொன்று. இதற்கு மேல் ஒரு வரி விளக்கமும் இல்லை.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இருபத்தொரு நாள் பயணம் என்று திட்டமிட்டேன். அக்கா வீட்டில்தான் தங்குவதாக இருந்தது. ஆனால் விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுத்த முகவர், உறவினர் வீடு என்று எழுதினால் கூடுதல் ஆவணங்கள் கேட்பார்கள் என்று சொல்லி, நோக்கத்தைச் சுற்றுலா என்று குறித்து, விடுதி முன்பதிவுகளை இணைத்துவிட்டார். வங்கிக் கணக்கில் இருப்பு போதாது என்று அவர் சொன்னதால், விண்ணப்பிப்பதற்குப் பத்து நாள் முன்பு என் அண்ணன் ஒரு பெரிய தொகையை என் கணக்கில் போட்டார்.

அக்காவைப் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய குழந்தையை நான் இன்னும் கையில் தூக்கியதில்லை. கட்டணம் போனதைக் காட்டிலும், நம்பத்தக்கவள் அல்ல என்று ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்ததுதான் மனத்தை மிகவும் வருத்துகிறது. மேல்முறையீடு செய்வதா, புதிதாக விண்ணப்பிப்பதா? புதிதாக என்றால் எத்தனை மாதம் பொறுக்க வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

வழித்துணை எழுதியது:

சகோதரி, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசா விதித்தொகுப்பின் 21ஆம் பிரிவு, முன்பு ஒரு முறை மறுக்கப்பட்டது என்பதற்காக மட்டும் புதிய விண்ணப்பத்தைத் தானாக மறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. காத்திருப்புக் காலம் என்று எதுவும் அதில் விதிக்கப்படவில்லை. எனவே எப்போது விண்ணப்பிப்பது என்பதைப் பிறகு பார்ப்போம்; என்ன மாறியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

பயண ஆவணங்களைத் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். விண்ணப்பப் படிவம், விடுப்புக் கடிதம், விமான முன்பதிவு, காப்பீட்டுச் சான்று, விடுதி முன்பதிவு ஆகிய ஐந்தின் நகல்களையும் ஒரு மேசையில் பக்கம் பக்கமாகப் பரப்பி, அவற்றில் உள்ள தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். வேறு எதையும் படிக்க வேண்டாம். எழுதியதை இங்கே பதியுங்கள்.

---

நீலவானம் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடி எழுதிப் பார்த்தேன். படிவத்தில் 3ஆம் தேதி முதல் 23ஆம் தேதி வரை. விமான முன்பதிவும் அப்படியே. காப்பீடும் அப்படியே. விடுதி முன்பதிவு முதல் ஒன்பது இரவுகளுக்கு மட்டுமே இருக்கிறது. விடுப்புக் கடிதத்தில் "3ஆம் தேதி முதல் 15 நாட்கள்" என்று இருக்கிறது.

நான் கேட்டது பதினைந்து வேலை நாட்கள். 3ஆம் தேதி திங்கட்கிழமை என்பதால் வார இறுதிகளையும் சேர்த்தால் 23ஆம் தேதி ஞாயிறு வரை சரியாக இருபத்தொரு நாள் வரும். அலுவலகத்தில் "வேலை" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள். அந்தக் கடிதத்தை நான் மூன்று முறையாவது படித்திருப்பேன். என் மனத்தில் பதினைந்து வேலை நாட்கள் என்று இருந்ததால், கண்ணில் படவே இல்லை.

---

வழித்துணை எழுதியது:

இந்த ஒரு தாள் போதும். மறுப்புக் கடிதத்தில் குறியிட்ட இரண்டு கட்டங்களுக்கும் காரணம் இதில் இருக்கிறது.

விசா அதிகாரி உங்களைப் பார்ப்பதில்லை. விண்ணப்ப மையத்தில் கைரேகையும் புகைப்படமும் எடுப்பவர்கள் முடிவு எடுப்பவர்கள் அல்லர். முடிவு எடுப்பவர் தூதரகத்தில் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். விசா என்ற சொல்லுக்கே இலத்தீனில் "பார்க்கப்பட்டது" என்றுதான் பொருள், பார்க்கப்படுவது தாள்தான். நீங்கள் உங்கள் அலுவலகத்தில் கணக்குகளைச் சரிபார்ப்பீர்கள் அல்லவா, ஒரு பற்றுச்சீட்டில் ஒரு தொகையும் பேரேட்டில் வேறு தொகையும் இருந்தால் அதைக் கொண்டுவந்தவர் நல்லவரா என்று யோசிக்க மாட்டீர்கள். கணக்கு இடிக்கிறது என்று மட்டும் குறிப்பீர்கள். அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

இப்போது அவர் இருக்கையிலிருந்து உங்கள் கோப்பைப் பாருங்கள். 17ஆம் தேதியோடு விடுப்பு முடிந்துவிட்ட ஒருவர் 23ஆம் தேதி வரை அங்கே இருக்கப் போவதாகச் சொல்கிறார். அந்த ஆறு நாட்களுக்கு வேலையின் நிலை என்ன? இருபது இரவுகளில் பதினொன்றுக்குத் தங்கும் இடமே இல்லை. சுற்றுலா என்கிறார், ஆனால் ஊர் ஊராகப் போவதற்கான பயணத்திட்டம் இல்லை, ஒரே நகரில் மூன்று வாரம். கணக்கில் மாதச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு தொகை ஒரே நாளில் வந்திருக்கிறது, அது யாருடையது என்று ஒரு குறிப்பும் இல்லை. இத்தனைக்கும் விளக்கம் உங்களிடம் இருக்கிறது, அதுவும் நேர்மையான விளக்கம். ஆனால் அது உங்கள் மனத்தில் இருந்தது, கோப்பில் இல்லை.

முகவர் செய்ததை மட்டும் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உறவினரைப் பார்க்கப் போவது முற்றிலும் முறையான நோக்கம். அதை மறைத்துச் சுற்றுலா என்று எழுதியது, இல்லாத ஒரு குறையை மறைக்கப் போய் உண்மையான ஒரு குறையை உண்டாக்கிவிட்டது. அக்கா அந்நாட்டில் வசிப்பது உங்கள் விண்ணப்பத்தின் வலிமை. வரவேற்கவும் தங்க வைக்கவும் ஆள் இருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று ஏது?

அடுத்த விண்ணப்பத்தில் நோக்கம் "குடும்பத்தினரைப் பார்ப்பது" என்றே இருக்கட்டும். அழைப்பவர் தர வேண்டிய ஆவணம் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் வசிப்பவர் தம் நகராட்சியில் விண்ணப்பித்து வரவேற்புச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். ஜெர்மனியில் வசிப்பவர் செலவை ஏற்பதானால், வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் சென்று பொறுப்பேற்பு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். இவை கிடைக்கவே பல வாரங்கள் ஆகலாம் என்பதால் அக்காவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அதோடு நீங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதைக் காட்டும் பிறப்புச் சான்றுகள், அவருடைய வசிப்பு உரிம அட்டையின் நகல், வீட்டு முகவரிக்கான சான்று ஆகியவையும் வேண்டும்.

---

வைகறை எழுதியது:

வழித்துணை ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் மேல்முறையீட்டைத் தொடாமலே போய்விட்டார். மறுப்பவர்கள் காரணத்தையும், எங்கே எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பதையும் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதே விதித்தொகுப்பின் 32ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. இது சலுகை அன்று, உரிமை. எனக்கு ஒரு முறை போதிய வருவாய்ச் சான்று இல்லை என்று மறுத்தார்கள். வருமான வரி ஆவணங்கள் கோப்பில் இருந்தன. அவற்றின் பக்க எண்களைக் குறிப்பிட்டு முறையிட்டேன், முடிவு மாற்றப்பட்டது. புதிதாக விண்ணப்பித்திருந்தால் மறுபடியும் கட்டணம், மறுபடியும் அப்பாயின்ட்மென்ட்டுக்கு அலைச்சல், அதற்கு மேல் பதிவேட்டில் ஒரு மறுப்பு அப்படியே நின்றிருக்கும். அநியாயமான மறுப்பை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

---

வழித்துணை எழுதியது:

தங்கள் வழக்கில் மேல்முறையீடு செய்ததே சரியான முடிவு. அதை நான் மறுக்கவில்லை. அதிகாரி கோப்பில் இருந்த ஒன்றைப் பார்க்கத் தவறினால் முறையிட வேண்டும். கோப்பிலேயே இல்லாத ஒன்றுக்காக மறுத்தால், முறையீட்டில் நாம் எதைச் சுட்டிக்காட்டுவது? நீலவானம் சகோதரியின் கோப்பில் நோக்கமே தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, என் தகவல்கள் நம்பத்தக்கவைதாம் என்று வாதிட முடியாது.

முறையீட்டின் வடிவமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. காலக்கெடு வேறு, எழுத வேண்டிய மொழி வேறு. ஜெர்மனி, தூதரகத்திடமே மறுபரிசீலனை கோரும் நடைமுறையை 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டது. இப்போது அங்கே நீதிமன்றம் அல்லது புதிய விண்ணப்பம் என்ற இரண்டே வழிகள். பிரிட்டனில் சாதாரண வருகையாளர் விசா மறுக்கப்பட்டால், மனித உரிமை சார்ந்த காரணம் இல்லாதவரை மேல்முறையீட்டு உரிமை இல்லை. அமெரிக்காவில், அங்கேயே தங்கிவிட மாட்டார் என்பது நிறுவப்படவில்லை என்று 214(பி) பிரிவின் கீழ் மறுக்கப்பட்டாலும் அப்படித்தான், மீண்டும் விண்ணப்பிப்பது ஒன்றே வழி. ஜப்பானில் அதுவும் உடனே முடியாது; மறுக்கப்பட்ட அதே நோக்கத்துக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி விண்ணப்பித்தால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

---

வைகறை எழுதியது:

இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். கோப்பில் இருந்து கவனிக்கப்படாமல் போனதற்கு முறையீடு, கோப்பில் இல்லாததற்குப் புதிய விண்ணப்பம். ஆயினும் கடிதத்தில் குறித்த கெடு முடிவதற்குள் எந்த வழி என்பதை நீலவானம் தீர்மானித்துவிட வேண்டும். கெடு கடந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

---

அஞ்சல்தலை எழுதியது:

முகவர் எழுதிய தவறான நோக்கத்தை இப்போது எப்படிக் கையாள்வது என்பதை யாரும் சொல்லவில்லை. விளக்கக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே நேராகச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். "முந்தைய விண்ணப்பம் இன்ன தேதியில் மறுக்கப்பட்டது, அதில் சுற்றுலா என்று குறித்தது சரியன்று, என் அக்காவைப் பார்ப்பதே நோக்கம், உரிய ஆவணங்களை இப்போது இணைத்திருக்கிறேன்" என்று மூன்று வரியில் எழுதலாம். முகவர் மீது பழி சுமத்தும் நீண்ட விளக்கம் வேண்டாம். படிவத்தில் கையெழுத்திட்டவர் நாம், பொறுப்பும் நம்முடையதே.

ஒளித்துவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வரவே கூடாது. மறுக்கப்பட்ட விவரம் ஷெங்கன் நாடுகளின் பொது விசாத் தகவல் அமைப்பில் ஐந்து ஆண்டுகள் வரை இருக்கும்; அந்த நாடுகளுள் எதில் விண்ணப்பித்தாலும் அது அவர்கள் திரையில் தெரியும். வேறு நாடுகளின் படிவங்களில் இது பற்றிக் கேட்கப்படும் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். அமெரிக்காவின் இணையவழி விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம், அமெரிக்க விசா எப்போதாவது மறுக்கப்பட்டதா என்று கேட்கிறது. பிரிட்டனும் கனடாவும் எந்த நாட்டின் விசாவாவது மறுக்கப்பட்டதா என்று கேட்கின்றன. அங்கே "இல்லை" என்று எழுதினால் அது பொய்யுரை ஆகிவிடும். பொய்த் தகவல் தந்ததாக முடிவு செய்தால் கனடா ஐந்து ஆண்டுகளும், பிரிட்டன் பத்து ஆண்டுகள் வரையும் தடை விதிக்கலாம். ஒரு மறுப்பைத் திருத்திக்கொள்ளலாம். இந்தத் தடையைத் திருத்த முடியாது.

---

ஆற்றுமணல் எழுதியது:

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் சொந்தத் தொழில் செய்பவன். சம்பளச் சீட்டும் இல்லை, விடுப்புக் கடிதம் தர மேலாளரும் இல்லை. வரவு எல்லாம் ஒழுங்கற்ற இடைவெளியில் வரும். ஒரு மாதம் நிறைய, அடுத்த மாதம் ஒன்றுமே இல்லை. அண்ணன் போட்ட தொகை பற்றிப் படித்ததிலிருந்து, என் கணக்கு முழுவதுமே அப்படித்தானே இருக்கிறது என்ற கவலை வந்துவிட்டது.

---

வழித்துணை எழுதியது:

கவலைப்பட வேண்டாம். ஒழுங்கற்ற வரவும் விளக்கமற்ற வரவும் ஒன்றல்ல. வங்கி அறிக்கையின் நகலில் பெரிய வரவு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்று எண்ணிட்டு, அதே எண்ணிட்ட விற்பனைப் பட்டியலையோ ஒப்பந்தத்தையோ பின்னால் இணையுங்கள். தொழில் பதிவுச் சான்று, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு, நீங்கள் இல்லாத நாட்களில் தொழிலை யார் பார்த்துக்கொள்வார் என்ற ஒரு பத்தி, திரும்பி வந்தபின் முடிக்க வேண்டிய பணிக்கான ஒப்பந்தம் ஏதேனும் இருந்தால் அதுவும். இவை விடுப்புக் கடிதத்தின் வேலையைச் செய்யும். பணம் எவ்வளவு என்பதோடு, அது எங்கிருந்து வருகிறது, நீங்கள் எதற்காகத் திரும்பி வருவீர்கள் என்பதும் அந்தத் தாள்களில் தெரிய வேண்டும்.

நீலவானம் சகோதரிக்கும் இதே பதில்தான். அண்ணன் தந்த தொகையைத் திருப்பி அனுப்பிவிட்டு, செலவை யார் ஏற்கிறாரோ அவரே ஏற்பதாக எழுதிக் கொடுக்கட்டும். அவருடைய ஆறு மாத வங்கி அறிக்கையையும், உங்கள் இருவரின் உறவுக்கான சான்றையும் இணையுங்கள். உங்கள் சொந்தக் கணக்கு சிறியதாக இருந்தாலும், அதில் மாதந்தோறும் சம்பளம் வந்து வாடகையும் மற்ற செலவும் போவது தெரியட்டும். அது ஒரு மனிதர் ஓரிடத்தில் வேரூன்றி வாழ்வதன் சான்று.

---

தும்பை எழுதியது:

வேறு ஒரு நாடு பற்றிய கேள்விக்கு மன்னிக்கவும்; விவாதத்தோடு தொடர்புடையது என்பதால் இங்கேயே கேட்கிறேன். என் தாயார் என் தம்பியைப் பார்க்க அமெரிக்க விசா நேர்காணலுக்குச் செல்கிறார். ஒரு பை நிறைய ஆவணங்களை அடுக்கி வைத்திருக்கிறோம். சென்று வந்த உறவினர்களோ, அங்கே ஒரு தாளையும் கேட்கவில்லை, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால் இவ்வளவும் எதற்கு? அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது. அதுவும் குழப்பமாக இருக்கிறது.

---

அஞ்சல்தலை எழுதியது:

தும்பை அவர்களே, அமெரிக்க நடைமுறை அடிப்படையிலேயே வேறு. அங்கே கோப்பின் இடத்தை டிஎஸ்-160 படிவம் பிடித்துக்கொள்கிறது. அதிகாரி திரையில் அந்தப் படிவத்தைப் படித்துக்கொண்டே கேள்வி கேட்கிறார். குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட எண்ணுபவர் என்றே முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்று நிறுவுவது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. எனவே படிவத்தை நிரப்பியவர் நீங்களாக இருந்தாலும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம்பி எந்த நகரில் இருக்கிறார், என்ன வேலை, எத்தனை நாள் தங்கப் போகிறார், யார் செலவு செய்கிறார், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு, தமக்குத் தெரிந்த மொழியில் தம் சொற்களில் அவர் பதில் சொன்னால் போதும். மனப்பாடம் செய்து ஒப்பிக்க வைக்காதீர்கள். என் மாமியாருக்கு நாங்கள் பயிற்சி கொடுத்துப் பயிற்சி கொடுத்து, எளிய கேள்விக்குக்கூட "சரியான பதில் எது" என்று யோசித்துத் தடுமாறினார். இரண்டாம் முறை எதுவும் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பினோம், இயல்பாகப் பேசிவிட்டு வந்தார்.

ஒற்றைப் பெயர் பற்றி: பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அதைக் குடும்பப்பெயருக்கான கட்டத்தில் எழுத வேண்டும், இயற்பெயருக்கான கட்டத்தில் எஃப், என், யூ (இயற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகளை இட வேண்டும். இல்லாத ஒரு பெயரை உருவாக்கி நிரப்பக் கூடாது. விமான டிக்கெட் எடுக்கும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு சிறிய குறிப்புகள். படிவத்தை நிரப்பிக்கொண்டே எழுந்து போய்விட்டால் பக்கம் காலாவதியாகி, எழுதியது போய்விடும். விண்ணப்ப எண்ணை முதலிலேயே குறித்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் சேமியுங்கள். புகைப்படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். 2016 நவம்பர் முதல் கண்ணாடி அணிந்த படத்தை ஏற்பதில்லை.

ஆவணப் பையைக் கொண்டு போகட்டும். கேட்டால் காட்டலாம். 221(ஜி) பிரிவின் கீழ் கூடுதல் ஆவணம் கேட்டு ஒரு தாள் கொடுத்தால், அதில் கேட்டதை அனுப்பிவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். முடிவு வரும்வரை விசா இல்லை என்றாலும், கதவு மூடிவிட்டதாக அதைக் கொள்ள வேண்டாம்.

---

தும்பை எழுதியது:

மிக்க நன்றி. அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த கேள்வி பதில் தாளை இன்று எடுத்து வைத்துவிட்டேன்.

---

நீலவானம் எழுதியது:

ஐயா, இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. டிக்கெட்டை இப்போதே பணம் கட்டி வாங்குவதா? பயணத்தின் நடுவில் மூன்று நாள் பக்கத்து நாட்டுக்குச் சென்று வரலாம் என்று அக்கா சொல்கிறாள். அதைச் சேர்த்தால் சிக்கலாகுமா? கைரேகையை மறுபடி கொடுக்க வேண்டுமா?

---

வழித்துணை எழுதியது:

டிக்கெட்டைப் பணம் கட்டி வாங்க வேண்டாம்; விமான நிறுவனத்தின் முறையான முன்பதிவு போதும். விசா கிடைக்கும்வரை டிக்கெட் வாங்காதீர்கள் என்று பல தூதரகங்களே அறிவுறுத்துகின்றன. ஆனால் போலி முன்பதிவு எண் அச்சிட்ட தாளைச் சிலர் விற்கிறார்கள். அதிகாரி அந்த எண்ணைச் சரிபார்த்து இல்லை என்று கண்டால், மற்ற எல்லாம் உண்மையாக இருந்தும் பயனில்லை.

பக்கத்து நாட்டுப் பயணத்தைத் தாராளமாகச் சேர்க்கலாம். முதன்மையான நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது 5ஆம் பிரிவின் விதி. அதிக நாள் தங்குவதும் பயண நோக்கம் அமைந்திருப்பதும் அக்காவின் நாடு என்பதால் குழப்பம் இல்லை. அந்த மூன்று நாட்களுக்கான தங்குமிடத்தையும் அட்டவணையில் காட்டுங்கள். காப்பீடு ஷெங்கன் பகுதி முழுவதற்கும், குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு இருக்க வேண்டும்.

கைரேகை 59 மாதங்களுக்குப் பயன்படும் என்பதால் வழக்கமாக மறுபடி கேட்க மாட்டார்கள். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து பதினைந்து நாள் முன்பு வரை கொடுக்கலாம்; பதினைந்து நாள் என்பதை நம்பி இருக்காதீர்கள். முடிவுக்கு விதித்த காலம் பதினைந்து நாள் என்றாலும், அதை நாற்பத்தைந்து நாள் வரை நீட்டிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

கொடுப்பதற்கு முதல் நாள், மறுபடியும் அந்தத் தேதித் தாளை எழுதுங்கள்.

---

நீலவானம் எழுதியது:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். முடிவு வரும்வரை எதையும் பதிய வேண்டாம் என்று இருந்தேன்.

அக்கா அனுப்ப வேண்டிய அழைப்பு ஆவணம் கிடைக்கவே ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குள் விடுப்புக் கடிதத்தைப் புதிதாக வாங்கினேன்; எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மறுநாள் திங்கட்கிழமை பணிக்குத் திரும்ப வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அண்ணனின் தொகையைத் திருப்பிவிட்டேன். தங்குமிடமும் உணவும் அக்காவின் பொறுப்பு, டிக்கெட்டும் மற்ற செலவும் என் சேமிப்பிலிருந்து என்று பிரித்து எழுதினோம். விளக்கக் கடிதம் ஒரே பக்கம். முதல் பத்தியில் அஞ்சல்தலை அவர்கள் சொன்ன மூன்று வரிகள். "குறித்தது சரியன்று" என்று எழுதும்போது கை சற்றுத் தயங்கியது, எழுதி முடித்தபின் மனம் இலேசாகிவிட்டது.

முதல் நாள் இரவு தேதித் தாளை எழுதினேன். எல்லாம் பொருந்தின, ஒன்றைத் தவிர. காப்பீட்டில் என் பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. அன்றிரவே திருத்திய சான்றைக் கேட்டுப் பெற்று, காலையில் அச்செடுத்துக்கொண்டு போனேன்.

பன்னிரண்டாம் நாள் தூதரகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். அக்காவின் பெயர், அவர் வேலை, முந்தைய விண்ணப்பத்தில் அவரைக் குறிப்பிடாதது ஏன் என்று கேட்டார்கள். முகவரின் அறிவுரையைக் கேட்டது என் தவறு என்று சொன்னேன். நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அதன்பின் ஆறு நாள் தூக்கமே இல்லை. நேற்று பாஸ்போர்ட் வந்தது; விசா இருக்கிறது.

ஒரே ஒரு ஐயம். ஸ்டிக்கரில் தங்கும் நாட்கள் 21 என்று இருக்கிறது. ஆனால் செல்லுபடியாகும் காலம் முப்பத்தாறு நாட்களுக்குப் போட்டிருக்கிறார்கள். நான் முப்பத்தாறு நாள் இருக்கலாம் என்று பொருளா?

---

வழித்துணை எழுதியது:

மிகுந்த மகிழ்ச்சி, சகோதரி. இதை வாசித்ததும் என் மனைவியிடமும் சொன்னேன்.

இல்லை, இருபத்தொரு நாட்கள்தான். பயணத் தேதி சற்றுத் தள்ளிப் போனாலும் உதவட்டும் என்று பதினைந்து நாள் கூட்டிக் கொடுப்பது வழக்கம். அந்த முப்பத்தாறு நாளுக்குள் எந்த இருபத்தொரு நாளிலும் இருக்கலாம். நுழையும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டு கூடுதலாகத் தங்கிவிட்டவர்களை நான் அறிவேன். 2025 அக்டோபர் 12 முதல் நுழைவையும் வெளியேற்றத்தையும் மின்னணு முறையில் பதியும் ஏற்பாட்டைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு நாள் கூடினாலும் பதிவாகிவிடும்.

பெயரின் எழுத்துகள், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி ஆகியவற்றை ஸ்டிக்கரில் இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் இப்போதே திருத்தித் தருவார்கள். நுழைவு எண்ணிக்கையில் 1 என்று இருந்தால், ஷெங்கன் பகுதிக்கு வெளியே கால் வைத்துவிட்டுத் திரும்ப முடியாது. பக்கத்து நாடு பகுதிக்குள்ளேயே இருந்தால் தடையில்லை.

விசா இருப்பதாலேயே நுழைவு உறுதி ஆகிவிடாது. எல்லையில் உள்ள அதிகாரி அதே கேள்விகளை மறுபடி கேட்கலாம். அழைப்பு ஆவணம், காப்பீடு, திரும்பும் டிக்கெட், விடுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

---

நீலவானம் எழுதியது:

ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன் ஐயா, எல்லாம் சரியாக இருக்கின்றன. நுழைவு 1, அக்கா சொன்ன நாடு பகுதிக்குள்தான் இருக்கிறது. நகல்களை ஒரு உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துவிட்டேன். அக்காவிடம் ஸ்டிக்கரின் படத்தை அனுப்பினேன். அவள் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அதைக் காட்டியிருக்கிறாள்.